பிடியில் நின்றவன்

பிப்ரவரி 3, செவ்வாய்

பட்டறையில் இன்று ஒரு கண்ணாடி போயிற்று. நாலடிக்கு மூன்றடி. பல் டாக்டர் வீட்டு ஜன்னலுக்காக வெட்டி, இடது பக்கச் சுவரில் சாத்தி வைத்தவனே நான்தான். திரும்பினேன், தோள் இடித்தது. சத்தம் கேட்ட பிறகுதான் அங்கே ஒன்று இருந்ததே நினைவுக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள் மூன்றாவது கண்ணாடி. கதவு நிலையில் இடித்துக்கொண்டதையெல்லாம் சேர்க்கவில்லை.

என் மனைவி துடைப்பத்தோடு வந்தாள். “புத்தி எங்க இருக்கு?” என்றாள். சனிக்கிழமைப் போட்டியில் என்றேன். பன்னிரண்டு வருஷமாக மாதம் ஒரு சனிக்கிழமை கூண்டுச் சண்டைக்கு நடுவராக நிற்கிறேன். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை. போட்டிகளை நடத்துகிறவர் மச்சான், அவள் அண்ணன். என்னை இதில் இழுத்து விட்டவரும் அவர்தான். அதனால் அந்தப் பதிலுக்கு மேல் அவள் ஒன்றும் கேட்பதில்லை.

அவள் போன பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். படம் தெரிந்தது. தேதிகளில் பாதியைக் காணோம். கறுப்பாக மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டேன்.

தூசி விழுந்திருக்கும்.

பிப்ரவரி 6, வெள்ளி

தூசி இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தலைக்குள் அதே சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

நேற்று மூன்றாவது சண்டை. தபால்காரரும் நெட்டையும். தபால்காரர் நிஜமாகவே தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர், முப்பத்தைந்து வயது, அமைதியானவர். நெட்டை ஆறடி மூன்றங்குலம். தள்ளி நின்று குத்துவது அவனுக்குப் பிடிக்காது. நெருங்கிக் கட்டிப் பிடித்துவிடுவான். கிளிஞ்ச் என்று எங்கள் விதிப்புத்தகம் சொல்கிறது. சண்டைக்காரர்கள் ‘பிடி’ என்று முடித்துக்கொள்வார்கள்.

வெளியே உட்கார்ந்து பார்க்கிறவர்கள், பிடிக்குள் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொள்வதாக நினைப்பார்கள். வேலை முழுக்க அங்கேதான் நடக்கும். ஒரு கை பின்கழுத்தைப் பிடித்திருக்க, மற்றது அரையடி இடைவெளியில் குத்திக்கொண்டே இருக்கும். மடித்த முழங்கை கத்தி மாதிரி புருவத்தைக் கிழிக்கும். குதிகால் எதிராளியின் விரல்களை மிதிக்கும். தோள் தாடையை முட்டும். எல்லாவற்றிலும் மோசம் நெட்டையின் பிடி. இரண்டு உள்ளங்கையையும் பின்கழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, முன்னங்கைகளால் தாடையை இரு பக்கமும் நெருக்கி, தலையைக் கீழே இழுப்பான். அதன்பின் முழங்கால் வர வேண்டிய தூரம் ஒரு சாண்தான்.

இரண்டாவது சுற்றில் கம்பி வலை ஓரமாக அந்தப் பிடி விழுந்தது. நான் வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்றேன். முதல் முழங்கால் தபால்காரரின் கையில் பட்டு நின்றது போலிருந்தது. இரண்டாவதில் சத்தம் கேட்டது. ஆனால் நின்றுகொண்டிருந்தார். நிற்கிறவரை அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. “பதில் குடுங்க, பதில் குடுங்க” என்று கத்தினேன். மூன்று. நான்கு. ஐந்தாவதில் அவருடைய பல்காப்பு என் காலடியில் வந்து விழுந்தது. அப்போதுதான் குறுக்கே பாய்ந்தேன். நெட்டை பிடியை விட்டான். தபால்காரர் கொடியிலிருந்து துணி நழுவுகிற மாதிரி அப்படியே இறங்கினார்.

இரண்டாவதிலேயே நினைவு தப்பிவிட்டது. அதற்கப்புறம் அவரை நிற்க வைத்திருந்தது நெட்டையின் கைகள்.

தபால்காரரின் இடது கை செத்த மாதிரி தொங்கியதாம். கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த டாக்டர் பார்த்திருக்கிறார், எழுந்து கத்தியிருக்கிறார். இரண்டடி தள்ளி நின்ற நான் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை?

பிப்ரவரி 9, திங்கள்

தபால்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. போன் அடித்தால் அவளையே எடுக்கச் சொல்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

திறந்துவிட்டார். மூளையில் சின்னதாக ரத்தக் கசிவு, ஆபரேஷன் வேண்டாமாம். புருவ எலும்பு உடைந்திருக்கிறது. மச்சான் போனில் சொல்லி முடித்ததும் பட்டறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் அலுமினியத் தூள். எழுந்தபோது பின்பக்கமெல்லாம் பளபளத்தது என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மச்சான் ஆபீசில் வீடியோவை ஓட்டிப் பார்த்தார்கள். மச்சான், டாக்டர், இன்னொரு நடுவரான வாத்தியார், நான். வாத்தியார் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர்.

மெதுவாக ஓடவிட்டார்கள். முதல் முழங்கால் கையில் பட்டது என்று நினைத்தேன் அல்லவா? படவில்லை. இரண்டு முன்னங்கைகளுக்கும் நடுவே நுழைந்து நேராகப் புருவத்தில் இறங்கியிருக்கிறது. படத்தில் என் முகமும் தெரிகிறது. அந்த இடத்தையேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கண் கொட்டாமல்.

‘நடுவர் நின்ற கோணம் கடினமானது, தவறில்லை’ என்று எழுதினார்கள். மச்சான் முதுகில் தட்டினார். “விடுங்க மாப்பிள்ளை. யாரா இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.”

படி இறங்கும்போது வாத்தியார் கூட வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு வருஷமாப் பாக்குறேன், ஒரே பக்கமாதான் சுத்துறீங்க. முன்னல்லாம் இப்படி இல்ல.”

மூட்டு வலி என்றேன்.

“எந்த மூட்டு?”

எதையோ சொன்னேன். எந்தக் காலைச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அடுத்த தடவை அவரைப் பார்க்கும்போது எந்தக் காலை நொண்டுவது?

பிப்ரவரி 16, திங்கள்

கண் டாக்டரிடம் போனேன். பக்கத்துத் தெருவில் வேண்டாம் என்று மூன்று பஸ் நிறுத்தம் தள்ளிப் போனேன்.

வெள்ளைக் கிண்ணம் போல ஒரு மெஷின். அதில் தாடையைப் பதித்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு வெளிச்சப் பொட்டு மினுக்கும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு டக்டக்கென்று அமுக்கினேன். இடது கண்ணுக்கு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. வெளிச்சம் வந்து வந்து போகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்தது. சத்தத்தை வைத்துத் தாளம் பிடித்து அமுக்க ஆரம்பித்தேன்.

சோதனை செய்த பெண் எட்டிப் பார்த்தாள். “சார், வெளிச்சம் வராதப்பவும் அமுக்குறீங்க. மெஷினுக்குத் தெரிஞ்சிரும். மறுபடி முதல்லேருந்து பண்ணிடலாம்.”

நாற்பத்தேழு வயதில் பிட் அடித்து மாட்டிக்கொண்டேன்.

கிளாக்கோமாவாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்திருக்கிறது. இடதில் முக்கால்வாசி போய்விட்டது. வலதிலும் ஓரத்தில் தொடங்கியிருக்கிறது. “போனது திரும்பி வராது,” என்றார் டாக்டரம்மா. “இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்து ஒரு நாள்கூட விடக் கூடாது. ரெண்டு கண்ணும் சேர்ந்தாத்தான் தூரம் பிடிபடும். கிட்டத்துல ஒண்ணு தொட்டுச்சா தொடலையானு உங்களுக்குக் குழப்பமா இருக்கும். என்ன வேலை பாக்குறீங்க?”

ஜன்னல் செய்கிறேன் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நடுவர் உரிமத்துக்குக் கொடுத்த கண் சான்றிதழ் ஜூன் வரை செல்லும். அதுவரை யாரும் கேட்க மாட்டார்கள். இதை எதற்கு எழுதுகிறேன்?

பிப்ரவரி 17, செவ்வாய்

அவளிடம் சொல்லவில்லை. மருந்துக் குப்பியை ஆணி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தபால்காரரைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி. வெளிச்சம் கூசுகிறது என்று திரையெல்லாம் இழுத்துவிட்டிருந்தார்கள். புருவத்தில் தையல். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துப் பேசுகிறார். “ரெண்டாவது சுத்துக்கு... மணி அடிச்சாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி ஃபேன்தான் தெரியுது.”

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். “நீங்க மட்டும் குறுக்க விழலன்னா என்ன ஆயிருக்கும்னு டாக்டரே சொன்னாங்க. உங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன்.”

எனக்கு நன்றி சொல்கிறார். எனக்கு.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று கையை எடுத்தேன். டீயை இடது பக்கம் வைத்திருக்கிறார். தட்டிவிட்டேன். பாய் முழுக்க டீ. “பரவாயில்லங்க, பரவாயில்லங்க” என்று அவரே துடைத்தார். வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

மார்ச் 14, பட்டத்துக்கான சண்டை. நெட்டையும் சமையல்காரரும். சமையல்காரர் ஹோட்டலில் பெரிய அடுப்புக்கு நிற்கிறவர். குட்டை, தூண் மாதிரிக் கழுத்து. எதிராளியின் மார்பில் தலையைப் புதைத்து, கக்கத்துக்குள் கையை நுழைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் விலாவையே குத்துவார். மூன்று சுற்றும் பிடியிலேயே போகும்.

மச்சான் என்னை நிற்கச் சொல்கிறார். வாத்தியார் நிற்கட்டுமே என்றேன். “அவரு நல்லவருதான், பட்டச் சண்டைக்கு இன்னும் பழகல. நீங்க நின்னாத்தான் ரெண்டு தரப்பும் வாயத் திறக்காது மாப்பிள்ளை.”

சரி என்றேன்.

ஏன் சரி என்றேன்? அங்கே ஆயிரம் பேருக்கு நடுவில் என் கை அசைந்தால் எல்லாம் நிற்கிறது. ஜன்னல்காரன் சொல்லி இந்த ஊரில் எது நிற்கும்?

மார்ச் 1, ஞாயிறு

பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். பட்டச் சண்டைக்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தேன். நெட்டையும் அவனோடு பயிற்சி செய்கிறவனும் பிடியில் நின்று மெதுவாக முழங்கால் விட்டார்கள். சிலது படும், சிலது ஓரங்குலம் முன்னால் நின்றுவிடும். நான் ‘பட்டது’, ‘படவில்லை’ என்று சொல்ல வேண்டும். பத்தில் நாலு தப்பு.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

கிளம்பும்போது நெட்டை வாசல் வரை வந்தான். ஆள் கறுத்துப் போயிருந்தான்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ரெண்டாவது முழங்கால்லயே அவரு வெயிட்டு மொத்தமும் என் கைக்கு வந்திருச்சு.”

“தெரிஞ்சுதா உனக்கு?”

“தெரியாம? தூங்குற பிள்ளையத் தூக்கினா திடீர்னு கனக்கும்ல, அப்படி.”

“அப்புறம் ஏன்டா அடிச்சே?”

“நடுவர் நிறுத்துற வரைக்கும் நிறுத்தாதேனுதானே சொல்லிக் குடுத்திருக்காங்க. நாமளா விட்டு அவரு திருப்பி அடிச்சுட்டா? அண்ணன் பாத்துக்கிட்டுதானே இருக்காருனு நினைச்சேன்.” கொஞ்ச நேரம் ஷூவையே பார்த்தான். “இப்பல்லாம் பிடி போட்டாலே பயமா இருக்குண்ணே.”

பிடிக்கிறவனுக்கும் பயம், பார்க்கிறவனுக்கும் பயம். அவன் வெளியே சொல்லிவிட்டான்.

மார்ச் 5, வியாழன்

கொக்கிக்கு ஆணி தேடியவள் குப்பியை எடுத்துவிட்டாள். “இது என்ன?”

நான் கத்திட்டேன். என் டப்பாவ ஏன் தொட்டேனு. கத்தியிருக்கக் கூடாது.

அவள் கத்தவில்லை. குப்பியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். “எத்தன நாளா?” சொன்னேன். “அன்னைக்கு அந்த மனுஷன் விழுந்தாரே. அப்பவும் தெரியலையா?”

குப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“அண்ணன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“இந்த ஒண்ணு மட்டும் முடிச்சிடறேன்,” என்றேன்.

“குடிகாரன் பேசுற மாதிரி இருக்கு,” என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

எடை பார்த்து முடிந்ததும் இருவரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னேன். பின்மண்டையில் அடிக்கக் கூடாது. கை தரையில் ஊன்றியிருந்தால் தலைக்கு முழங்கால் விடக் கூடாது. சந்தேகம் உண்டா என்று கேட்டேன். சமையல்காரர் பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கினார்.

“சார், அவன் பிடியில மாட்டி, எனக்கு நினைவு தப்பிருச்சுனு வைங்க. கீழயும் விழ மாட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நெட்டை என்னையே பார்த்தான்.

“நான் பாத்துக்குறேன்,” என்றேன்.

சமையல்காரர் நிம்மதியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் கண்ணை விட்டுப் போகவில்லை.

மார்ச் 14, சனி, காலை

நிற்க மாட்டேன் என்று சொல்ல இன்னும் பத்து மணி நேரம் இருக்கிறது. அவள் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லவில்லை. நின்றேன்.

முதல் சுற்றில் சமையல்காரர் நன்றாகத்தான் ஆடினார். உள்ளே புகுந்து, நெட்டையை வலையில் சாய்த்து, இரண்டு முறை முழங்கையால் கன்னத்தில் வைத்தார். பிரியும்போது மூன்றாவதாக ஒன்று. நெட்டைக்கு ரத்தம். அதற்கப்புறம் அவன் கைகள் அந்தக் கழுத்துக்குப் போயின. தலை இறங்கியது. முழங்கால் கிளம்பியது.

பட்டதா? தெரியவில்லை. காதைத் தீட்டினேன், கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்டது. சமையல்காரரின் இடது கை எங்கே? தேடுகிறேன், தேடுகிற இடத்தில் கை இல்லை. தொங்குகிறதோ? போயிட்டாரோ? திரும்பவுமா? நான் பாய்ந்துவிட்டேன்.

பிடி பிரிந்தது. சமையல்காரர் இரண்டு காலில் திடமாக நின்றார். “சார், எனக்கென்ன ஆச்சு? கையில வாங்கினேன் சார், பாருங்க.” முன்னங்கையை நீட்டினார். சிவந்து தடித்திருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை.

கூட்டம் ஊளையிட்டது. தண்ணீர் பாட்டில் ஒன்று என் காதோரம் போனது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்றுகூடத் தெரியவில்லை.

உள்ளறையில் மச்சான் கதவைச் சாத்தினார். டாக்டரும் வாத்தியாரும் இருந்தார்கள். சமையல்காரர் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றார். “என்ன பண்ணி வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை?”

“எனக்கு இடது கண்ணு தெரியாது.”

டாக்டர்தான், “எப்பலேருந்து?” என்றார்.

“கண் டாக்டர் சொன்னது போன மாசம். அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.”

சமையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நேத்து பாத்துக்குறேன்னு சொன்னீங்களே சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “தங்கச்சி முகத்துக்காகப் பேசாம இருக்கேன். கிளம்புங்க.”

சண்டை செல்லாது என்று அறிவித்தார்கள். சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். இன்று காலை எழுந்தபோதும் அது கட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. தபால்காரர் வீடு பாக்கி.

மார்ச் 17, செவ்வாய்

அவளும் வந்தாள். மூன்று மாடியும் என் இடது கையைப் பிடித்துக்கொண்டே ஏறினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவில் என் முகம் தெரிந்ததைக்கூட. தபால்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் பேசினார். “அன்னைக்கு உங்களைக் கும்பிடாத குறையா நின்னேனே. கேட்டுட்டு எப்படிங்க ஒண்ணும் சொல்லாம எழுந்து போனீங்க?”

எழுந்தோம். வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து தபால்காரரின் குரல், ஒவ்வொரு வார்த்தையாக: “படியில... பல்பு இல்ல. பாத்து... இறங்குங்க.”

அது மன்னிப்பா, வெறும் பழக்கமா, தெரியாது. அவளிடம் கேட்டேன். “எதுவா இருந்தா என்ன, இறங்குங்க,” என்றாள்.

ஏப்ரல் 11, சனி

உரிமம் ரத்தான கடிதம் வந்தது. எல்லா நடுவர்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று புது விதி போட்டிருக்கிறார்கள். மச்சான் இந்தப் பக்கம் வருவதில்லை. அவள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். தபால்காரர் ஆபீசுக்குள் உட்கார்ந்து கடிதம் பிரிக்கிற வேலைக்குத் திரும்பிவிட்டாராம். இனி கூண்டு கிடையாது.

வண்டி ஓட்டுவதை நானும் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 29, புதன்

மே 9-ல் நெட்டைக்கும் சமையல்காரருக்கும் மறுபடி சண்டை. வாத்தியார் நடுவர். எனக்கேன் இந்தப் பயம்? நானா நிற்கப் போகிறேன்?

மே 9, சனி

போகவில்லை. ஆறு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவள் இரண்டு தடவை வாங்கி மேஜையில் வைத்தாள். நான் இரண்டு தடவையும் எடுத்துக்கொண்டேன். ஏழரைக்கு வாத்தியார் கூப்பிட்டார்.

“முடிஞ்சுது சார். ரெண்டாவது சுத்து. நெட்டைதான்.”

“முழங்காலா?”

“முழங்கால்தான். ஒண்ணே ஒண்ணு. நான் அந்தப் பக்கம் சுத்தி வந்து கையைப் பாக்குறதுக்குள்ள, அவனே பிடிய விட்டுட்டு ரெண்டடி பின்னால போயிட்டான். விட்டதும் சமையல்காரர் அப்படியே உக்காந்துட்டாரு. நெட்டையோட ஆளுங்க வெளியேருந்து அடிடா அடிடானு கத்துறாங்க. அவன் கையக் கீழ போட்டுட்டு நிக்கிறான். நான் அதுக்கப்புறம்தான் சார் நிறுத்தினேன்.”

“சமையல்காரருக்கு?”

“நடந்துதான் போனாரு.”

“தனியாவா?”

“தனியாத்தான். இப்ப ரூம்ல உக்காந்து, ஏன்டா விட்டேனு நெட்டையோட சண்டை போட்டுட்டு இருக்காரு.”

“டாக்டர் பாத்தாச்சா? நடந்துதானே போனாரு?”

“ரெண்டு தடவை கேட்டுட்டீங்க சார்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்க மச்சான் பக்கத்துலதான் நிக்கிறாரு. உங்ககிட்ட சொல்லச் சொன்னதே அவருதான்.”

போனை அவரிடம் தரச் சொல்லவில்லை. அவரும் வாங்கவில்லை.

அவள் சமையலறையிலிருந்து, “என்ன ஆச்சு?” என்றாள். நடந்து போயிட்டாராம் என்றேன். யார் ஜெயித்தது என்று அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நூலகத்து ஜன்னல்களை அளக்கப் போக வேண்டும். இருபத்திரண்டு ஜன்னல். அவள் வேலை பார்க்கிற இடத்தில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறாள். அவள் நாடாவைப் பிடித்து எண்ணைப் படிப்பாள், நான் எழுதிக்கொள்வேன்.